மளிகையை மொத்தமாக வாங்கி மிச்சம் பிடிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மளிகைச் செலவைக் குறைக்க என்ன வழி என்று யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "மொத்தமா வாங்கிப் போட்டுடுங்க" என்பதுதான். சரியான பதில், ஆனால் பாதிப் பதில். சின்னப் பொட்டலத்தின் விலையில் உறையின் விலை, அடைத்து ஒட்டுகிற கூலி, அலமாரியில் அடுக்குகிற கூலி எல்லாம் சேர்ந்தே இருக்கும். மூட்டையாக எடுத்தால் அந்தச் செலவு குறைகிறது. குறைந்ததில் ஒரு பங்கை விற்பவர் நமக்கு விட்டுத்தருகிறார். இதில் வேறு சூட்சுமம் எதுவும் இல்லை.

ஆனால் அந்த லாபம் பில் போடும்போதே கைக்கு வந்துவிடுவதில்லை. மூட்டையின் கடைசிப் பிடியைச் சமைத்துச் சாப்பிட்டு முடிக்கும்போதுதான் வருகிறது. 10 சதவீதம் மலிவு என்று 10 கிலோ வாங்கினால், சில்லறை விலையில் 9 கிலோவுக்கு ஆகும் பணத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். அதில் ஒரு கிலோ வண்டு வைத்துக் கொட்ட நேர்ந்தால், 9 கிலோ காசுக்கு 9 கிலோ சாப்பிட்டிருக்கிறீர்கள். மிச்சம் ஒன்றுமில்லை, தூக்கிச் சுமந்ததுதான் கண்ட பலன். ஆகவே எதை வாங்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்பதைத் தள்ளுபடி தீர்மானிக்கக் கூடாது. உங்கள் வீட்டில் அது எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு கணக்கைச் சுற்றியே வரும்.

முதலில் அளவு தெரிய வேண்டும்

"மாசத்துக்கு எவ்வளவு சர்க்கரை ஆகும்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லும் எண் ஊகம்தான். ஊகத்தை வைத்து மூட்டை வாங்கினால் கணக்கு உதைக்கும். அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. எந்தப் பையைப் பிரித்தாலும், பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். தீர்ந்ததும் பையைக் குப்பையில் போடுவதற்கு முன் தேதியைப் பாருங்கள். 5 கிலோ பை 40 நாள் வந்தது என்றால் ஒரு நாளுக்கு 125 கிராம். மாதத்துக்கு மூன்றே முக்கால் கிலோ. இந்த எண் ஒன்று போதும்.

எல்லாப் பொருளுக்கும் செய்ய வேண்டியதில்லை. செலவில் பெரும்பங்கை விழுங்குகிற பத்துப் பன்னிரண்டு பொருள்களுக்குச் செய்தால் போதும். அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, தேயிலை அல்லது காபி, துணி துவைக்கும் தூள், சோப்பு என்று பட்டியல் தானாகவே அமையும். விருந்தாளிகள் வந்துபோன மாதத்தையோ, வீட்டில் பாதிப்பேர் வெளியூர் போயிருந்த மாதத்தையோ கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று பைகள் தீரும்வரை பார்த்தால் நம்பத்தகுந்த எண் கிடைத்துவிடும்.

விலையை ஒரே அளவுகோலில் பாருங்கள்

பெரிய பை என்றால் மலிவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுதான் புதியவர்கள் விழும் முதல் பள்ளம். விலையை எடையால் வகுத்து, ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு என்ன விலை என்று பார்ப்பதுதான் ஒரே வழி. எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். ஒரு கிலோ பொட்டலம் 64, ஐந்து கிலோ பை 305, இருபத்தைந்து கிலோ மூட்டை 1,400 என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு முறையே 64, 61, 56. ஐந்து கிலோவில் கிடைப்பது ஐந்து சதவீதம்கூட இல்லை. மூட்டையில் பன்னிரண்டரை சதவீதம். இப்போது முடிவு தெளிவாகிறது: ஒன்று மூட்டையாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கிலோவே போதும். நடுவில் இருக்கும் ஐந்து கிலோவுக்காக அலமாரியில் இடத்தை அடைப்பதில் பெரிய பயன் இல்லை.

சில சமயம் பெரிய பொட்டலத்தின் கிலோ விலை சின்னதைவிடக் கூடுதலாகவே இருக்கும். எல்லோரும் பெரிதையே மலிவென்று நம்பி எடுப்பதால் இது வெகுநாள் கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருக்கும். சின்னப் பொட்டலத்துக்கு மட்டும் தள்ளுபடி போட்டிருக்கும் வாரங்களில் இப்படி ஆவது சகஜம். அதேபோல், விலையைத் தொடாமல் எடையை மட்டும் குறைத்துவிடுவதும் உண்டு. 500 கிராம் பொட்டலம் ஒருநாள் 450 கிராமாகியிருக்கும். உறை அதே நிறம், அதே படம். எடை அச்சிட்டிருக்கும் மூலையைப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணெயில் இன்னொரு சிக்கல். சிலது லிட்டர் கணக்கில் வரும், சிலது கிலோ கணக்கில் வரும். சமையல் எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் சுமார் 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். ஆகவே ஒரு லிட்டர் பாட்டில் 150, ஒரு கிலோ டின் 160 என்றால், பார்க்கும்போது பாட்டில்தான் மலிவாகத் தோன்றும். ஆனால் ஒரு கிலோ என்பது கிட்டத்தட்ட 1.09 லிட்டர். டின்னில் லிட்டருக்கு 146 அல்லது 147தான் விழுகிறது. டின்தான் மலிவு.

துவைக்கும் தூள், பாத்திரம் கழுவும் திரவம் போன்றவற்றில் கிலோ விலையே ஏமாற்றும். செறிவு கூடிய தூளில் ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் சாதாரணத் தூளில் இரண்டு போட வேண்டியிருக்கும். அங்கே ஒரு தடவை துவைக்க எவ்வளவு ஆகிறது என்றுதான் பார்க்க வேண்டும். போய்வரும் வண்டிச் செலவையும், வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கூலியையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மூட்டைக்காகத் தனியாக வண்டி வைத்துப் போனால் அந்தப் பன்னிரண்டரை சதவீதம் வழியிலேயே கரைந்துவிடும்.

எது தாங்கும், எது தாங்காது

பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு விதமாகக் கெடுகிறது. எப்படிக் கெடுகிறது என்று தெரிந்துவிட்டால் எவ்வளவு வாங்கலாம் என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உப்பு, சர்க்கரை, தேன் இவை மூன்றும் கெடுவதில்லை. கிருமி வளரத் தேவையான ஈரம் அவற்றில் இல்லை. உப்பும் சர்க்கரையும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும், அவ்வளவுதான். தேன் உறைந்து மணல்போல ஆனால் பயப்பட வேண்டாம்; பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். அயோடின் சேர்த்த உப்பு மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. உப்பு அப்படியே இருக்கும், ஆனால் ஈரமும் வெளிச்சமும் படும்படி திறந்து வைத்தால் அதிலுள்ள அயோடின் மெல்லக் குறையும். மூடிய டப்பாவில் வைத்தால் போதும்.

தீட்டிய வெள்ளை அரிசி நன்றாக உலர்ந்து, பூச்சி அண்டாமல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். தவிடு நீக்காத பழுப்பு அரிசி அப்படியல்ல. தவிட்டில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அது காற்றோடு சேர்ந்து காறிப்போகும். சாதாரண அறை வெப்பத்தில் ஆறு மாதத்துக்கு மேல் அதை நம்ப வேண்டாம். முழுத் தானியமாக அரைத்த மாவும் அதே கதைதான். முளையும் தவிடும் சேர்ந்தே அரைபடுவதால் எண்ணெய் முழுதும் மாவில் கலந்து நிற்கும். வெயில் காலத்தில் சில வாரங்களிலேயே கசப்பு தட்டும். உடலுக்கு நல்லது என்று பழுப்பு அரிசிக்கும் முழுத் தானிய மாவுக்கும் மாறியவர்கள் பழைய பழக்கத்தில் அதையும் மூட்டையாக எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள்.

நிலக்கடலை, முந்திரி, பாதாம், எள் போன்ற எண்ணெய் மிகுந்த எல்லாவற்றுக்கும் இதே விதி. இவை மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் இடம் இருந்தால் மட்டும். எண்ணெயை எடுத்துக்கொண்டால், முத்திரை உடைக்காத டின் பல மாதம் தாங்கும். உடைத்துவிட்டால் சில மாதங்களுக்குள் தீர்க்க வேண்டும். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் அதற்கு எதிரி. அதனால் 15 லிட்டர் டின் ஒன்றைவிட 5 லிட்டர் டின் மூன்று சற்றே விலை கூடினாலும் சின்னக் குடும்பத்துக்கு அதுதான் பொருத்தம்.

காய்ந்த பருப்பும் பயறும் கெடுவதில்லை, ஆனால் கிழடு தட்டும். ஓராண்டு இரண்டாண்டு பழைய பயறு எவ்வளவு ஊறவைத்தாலும் வேக மறுக்கும். அதிலும் சூடான, ஈரமான இடத்தில் இருந்தது என்றால் கேட்கவே வேண்டாம். வாங்கியதில் மிச்சம் பிடித்ததை அடுப்பில் எரித்துத் தீர்த்துவிடுவோம். மசாலாப் பொருள்களில் முழுசாக இருப்பவை ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் மணம் தாங்கும். பொடித்தவை சில மாதங்களில் வெறும் நிறமாகிவிடும். அதனால் முழுசாக மொத்தத்தில் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பொடித்துக்கொள்வதே சரி. காபிப் பொடி, தேயிலைக்கும் இதே கணக்குதான்.

பார்க்க அப்படியே இருந்துகொண்டு வீரியம் மட்டும் போய்விடுகிற பொருள்களும் உண்டு. ஈஸ்ட், பேக்கிங் பவுடர், குளோரின் கலந்த பிளீச்சிங் திரவம் எல்லாம் இந்த வகை. பிளீச்சிங் திரவம் மூடியைத் திறக்காமல் வைத்திருந்தால்கூட மாதங்கள் போகப்போக வலுவிழக்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. பெரிய கேன் வாங்கிப் பாதிக்குமேல் வெறும் உப்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சோப்புக்கட்டி இதற்கு நேர்மாறு. உறையைப் பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் இறுகி, சீக்கிரம் கரையாமல் கூடுதல் நாள் வரும். சோப்பு, துடைக்கும் காகிதம், குப்பைப் பை, தீக்குச்சி எல்லாம் முதல்முறை இறங்குபவர்களுக்கு ஏற்ற பொருள்கள். பூச்சி வராது, கசக்காது, இடம் மட்டுமே கேட்கும்.

காய்களில் உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான் மொத்தத்தில் வாங்கும் அளவுக்குத் தாங்கும். இரண்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது. ஒன்றின் ஈரமும் வாயுவும் மற்றதைக் கெடுக்கும். உருளையை இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சை பூத்த கிழங்கில் சோலனைன் என்கிற நச்சு கூடும். அதை வறுத்தாலும் வேகவைத்தாலும் போகாது.

எவ்வளவு வாங்கலாம்

நான் பின்பற்றும் விதி இது. பொருள் எத்தனை மாதம் நல்லபடியாகத் தாங்குமோ அதில் பாதிக்குள் தீரும் அளவு மட்டும் வாங்குவது. பழுப்பு அரிசி ஆறு மாதம் தாங்கும் என்றால் மூன்று மாதத்துக்கு. கடையின் கிடங்கில் அது ஏற்கெனவே எவ்வளவு நாள் இருந்தது என்று நமக்குத் தெரியாது என்பதால் இந்தப் பாதி. ஆண்டுக்கணக்கில் தாங்கும் பொருளானாலும் முதல்முறை மூன்று மாதத்தைத் தாண்ட வேண்டாம். மாதம் 6 கிலோ அரிசி ஆகும் வீட்டில் 25 கிலோ மூட்டை நாலு மாதம் வரும். அது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் வெள்ளை அரிசிக்குப் பரவாயில்லை. மாதம் 2 கிலோ ஆகும் வீட்டில் அதே மூட்டை ஓராண்டு. அந்த வீட்டுக்கு மூட்டை தேவையில்லை, பங்காளிதான் தேவை. அதைப் பின்னால் பார்ப்போம்.

பணம் எங்கிருந்து வருகிறது

மொத்தமாக வாங்க ஆரம்பிக்கும் மாதத்தில் செலவு ஏறத்தான் செய்யும். அதைச் சமாளிக்கக் கடன் அட்டையைத் தேய்த்துவிடலாம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மாதச் சரக்கை ஒரே நாளில் வாங்கினால், மாதாமாதம் வாங்குவதைவிடச் சராசரியாக இரண்டரை மாதம் முன்கூட்டியே பணம் கொடுக்கிறீர்கள். அட்டைக்கு மாதம் 3 சதவீத வட்டி என்றால் ஏழரை சதவீதம் வட்டிக்கே போகிறது. எட்டு சதவீத தள்ளுபடிக்காக ஏழரை சதவீத வட்டி! கைப்பணத்தில் வாங்கினால் அந்த எட்டும் முழுதாக உங்களுக்கே.

கைப்பணம் குறைவாக இருப்பவர்கள் முதல் மாதம் ஒரே ஒரு பொருளை மட்டும் மொத்தமாக எடுங்கள். அதிகம் மிச்சமாகிற பொருளாக இருக்கட்டும். அடுத்த மாதம் அந்தப் பொருளுக்குச் செலவே இருக்காது. அந்தப் பணத்தில் இரண்டாவது பொருள். இப்படி ஐந்தாறு மாதத்தில் முக்கியமான பொருள்கள் எல்லாம் சுழற்சிக்குள் வந்துவிடும், மாதாந்தர பட்ஜெட்டும் திணறாது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்கி நிரப்பினால் எல்லாம் ஒரே வாரத்தில் தீர்ந்தும் போகும். அந்த வாரம் மறுபடியும் கையைக் கடிக்கும்.

வாங்கும் இடத்தில்

மூட்டை எடுப்பதற்கு முன் அதே சரக்கிலிருந்து ஒரு கிலோ வாங்கிச் சமைத்துப் பாருங்கள். ருசி பிடிக்காத 25 கிலோ அரிசி வீட்டில் கிடப்பதைப்போலத் தொல்லை வேறில்லை. பிடித்திருந்தால் மறுநாளே போய் அதே சரக்கை எடுங்கள், அடுத்த மாதம் அதே பெயரில் வேறு சரக்கு வந்திருக்கலாம்.

மூட்டையின் தையலைப் பாருங்கள். பிரித்துத் தைத்த அடையாளம் இருக்கக் கூடாது. அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஈரமோ பழைய நீர்க்கறையோ இருந்தால் வேண்டாம். ஒரு பிடி தானியத்தை உள்ளங்கையில் எடுத்து மெதுவாக உதறிவிட்டுக் கையைப் பாருங்கள். வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தால், தானியத்தில் ஊசி முனையளவு ஓட்டைகள் தெரிந்தால், வண்டு உள்ளே குடித்தனம் நடத்துகிறது என்று பொருள். ஒரு மணியைப் பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் போகவில்லை.

தேதிகளில் இரண்டு வகை உண்டு. இந்தத் தேதிக்குள் சிறப்பாக இருக்கும் என்பது ஒன்று. அது தரத்தைப் பற்றியது. உலர்ந்த பொருளாக இருந்தால் அந்தத் தேதி தாண்டிய மறுநாளே தூக்கிப்போட வேண்டியதில்லை. இந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது இன்னொன்று. அது பாதுகாப்பைப் பற்றியது. அதில் பேரமே கூடாது. தேதி நெருங்கியதால் மலிவாகத் தள்ளிவிடும் சரக்கில், இந்த இரண்டில் எந்த வாசகம் அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

"டப்பாவை இறுக்கித்தான் மூடினேன், வண்டு எப்படி வந்தது?" என்று கேட்காதவர் குறைவு. அது வெளியிலிருந்து வரவில்லை, மூட்டையோடு வந்தது. அரிசி வண்டின் பெண் தானியத்தில் சின்னதாகத் துளை போட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையைப் பசைபோன்ற ஒன்றால் அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். வெப்பமான இடத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. அதனால்தான் வாங்கும்போது முத்துமுத்தாக இருந்த அரிசியில் ஒரு மாதம் கழித்துக் கறுப்புப் புள்ளிகள் ஊர்கின்றன.

இதற்குச் சிறந்த மருந்து உறையவைக்கும் பெட்டி. தானியத்தையோ மாவையோ இரண்டு கிலோ அளவில் கெட்டியான பைகளில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் நாலு நாள் முதல் ஒரு வாரம் வைத்தால் முட்டை உள்பட எல்லாம் செத்துப்போகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விடுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த தானியத்தின்மீது காற்றின் ஈரம் வேர்த்து நின்று பூஞ்சைக்கு வழிசெய்யும். இடம் குறைவென்றால் பை பையாக மாற்றி மாற்றி வைக்கலாம். வெயிலில் பரப்பினால் நடமாடும் வண்டுகள் ஓடிவிடும், ஆனால் உள்ளே இருக்கும் முட்டைகள் எல்லாம் செத்துவிட்டதாக எண்ண வேண்டாம். வெயிலில் போட்டதைச் சூடாக அள்ளி டப்பாவில் அடைப்பதும் தவறு. ஆறவிட்டு அடையுங்கள்.

மொத்தச் சரக்கையும் ஒரே பெரிய டிரம்மில் கொட்டாதீர்கள். தினமும் திறந்து மூடுகிற டிரம்மில் ஈரமும் காற்றும் புகுந்துகொண்டே இருக்கும். ஒரு மூலையில் வண்டு வைத்தால் முழுதும் போகும். நாலைந்து காற்றுப்புகாத டப்பாக்களில் விளிம்புவரை நிரப்பி, ஒன்று தீர்ந்தபின் அடுத்ததைத் திறப்பதுதான் பாதுகாப்பு. விளிம்புவரை நிரப்பினால் உள்ளே காற்று குறைவு. பூச்சிக்கு மூச்சுக்காற்றும் குறைவு. தானியத்தில் இலை, கிராம்பு போட்டு வைப்பவர்கள் போடட்டும், தடையில்லை. ஆனால் தளர்ந்த மூடியை அது சரிக்கட்டாது. டப்பாக்களைத் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். சோப்பு, துவைக்கும் தூள் பக்கத்தில் மாவையும் தேயிலையையும் வைத்தால் வாசனை ஏறிவிடும்.

வண்டு வந்த அரிசியைச் சலித்து, கழுவிச் சமைக்கலாம். அருவருப்புதானே தவிர ஆபத்தில்லை. பூஞ்சை பிடித்ததை அப்படி விடக் கூடாது. குறிப்பாக நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அது ஈரலைப் பாதிக்கும், சமையல் சூட்டில் அழியாது. கெட்டதை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்ற சிக்கனம் இங்கே வேண்டாம்.

இறைச்சி, மீன் மொத்தமாக வாங்குபவர்கள் ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். நிறைந்த உறையவைக்கும் பெட்டி சுமார் 48 மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரம். மின்வெட்டு அடிக்கடி நீளும் இடத்தில் இந்த வழியே வேண்டாம்.

செலவழிக்கும் முறை

பெரிய டின்னிலிருந்து நேராக ஊற்றும்போது கை தாராளமாகிவிடும். நிறைய இருக்கிறதே என்ற எண்ணமே அளவைக் கூட்டும். மொத்தமாக வாங்கியும் மிச்சம் தெரியவில்லை என்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இங்கே அப்படியே பொருந்தும். அடுப்பங்கரையில் சின்ன டப்பா, உள்ளே பெரிய டப்பா. வாரம் ஒருமுறை மட்டும் பெரியதிலிருந்து சின்னதுக்கு, நீங்கள் முதலில் கண்டுபிடித்த அளவின்படி மாற்றுங்கள். வார நடுவில் தீர்ந்தால் எங்கே கை நீண்டது என்று உடனே தெரிந்துவிடும்.

பழையது தீராமல் அதன்மேல் புதியதைக் கொட்டாதீர்கள். அடியில் தங்குவது என்றைக்கும் தீராது, பூச்சியும் அங்கேதான் குடியிருக்கும். டப்பாவைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகு நிரப்புங்கள். கடைசி டப்பாவைத் திறக்கும் நாளில் அந்தப் பொருளை வாங்கவேண்டிய பட்டியலில் எழுதிவிடுங்கள். விலை இறங்கும்வரை காத்திருக்க அதில் உங்களுக்குச் சில வாரம் அவகாசம் கிடைக்கும். இந்த அவகாசம்தான் மொத்தமாக வாங்குபவருக்குக் கிடைக்கிற, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு லாபம். தீர்ந்துபோன அன்று கடைக்கு ஓடுபவருக்கு அன்றைய விலைதான்.

சின்னக் குடும்பமா? கூட்டுச் சேருங்கள்

ஒருவர் இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் மூட்டை தீராது. மூன்று நாலு வீடுகள் சேர்ந்து ஒரு மூட்டையைப் பிரித்துக்கொண்டால் மொத்த விலையும் கிடைக்கும், சரக்கும் கெடாது. இது ஒன்றும் புதிதில்லை. இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களுமாக 28 பேர் பணம் போட்டு 1844 டிசம்பரில் ஒரு கடை திறந்தார்கள். அன்றைக்கு அதில் இருந்தது மாவு, ஓட்ஸ் மாவு, வெண்ணெய், சர்க்கரை என்று ஒருசில பொருள்கள்தான். உலகெங்கும் உள்ள கூட்டுறவுக் கடைகள் அதைத்தான் முன்னோடியாகச் சொல்கின்றன.

உங்கள் கூட்டுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை, ஆனால் மூன்று விஷயங்களை முதலிலேயே பேசிவிடுங்கள். வாங்கப் போகும் முன்பே எல்லோரிடமும் பணம் வசூலாகிவிட வேண்டும். ஒருவர் கைக்காசைப் போட்டுவிட்டுப் பிறகு வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு நிற்கும்படி ஆகக் கூடாது. பிரிப்பது தராசில், எல்லோர் எதிரிலும். 25 கிலோ மூட்டையைப் பிரித்து நிறுத்தால் சாக்கு எடை, சிந்தல், தூசி போக 25 கிலோ முழுசாக வராது; அந்தக் குறைவு எல்லோருக்கும் சமமாகப் பங்காக வேண்டும், கடைசியில் வாங்குபவர் தலையில் விழக் கூடாது. போய்வருவது முறைவைத்து மாற வேண்டும். வண்டி வைத்திருப்பவரே எப்போதும் போவார் என்றால் அவருடைய எரிபொருள் செலவைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நெருங்கிய நண்பர்கள்தானே என்று இதைப் பேசாமல் விட்ட கூட்டுகள்தான் முதலில் கலைகின்றன.

எப்போது நிறுத்த வேண்டும்

மூன்று மாதம் ஓடியபின் ஒருநாள் உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளாகப் பாருங்கள். எவ்வளவு கொட்டினீர்கள், எது இன்னும் திறக்காமலே கிடக்கிறது, எது எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தீர்ந்தது. கொட்டிய பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது சில்லறையாகவே வரட்டும். வேகமாகத் தீர்ந்தது தின்பண்டமாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பிஸ்கட், சிப்ஸ், சாக்லேட் எல்லாம் எவ்வளவு மலிவாக வாங்கினாலும் இருக்கிறவரை தீர்ந்துகொண்டேதான் இருக்கும், மாதச் செலவு ஏறுமே ஒழிய இறங்காது. கைக்குழந்தை உள்ள வீட்டில் டயப்பரையும் குழந்தை உணவையும் அடுக்கிவைக்காதீர்கள். அளவு மாறும், ருசி மாறும், ஒவ்வாமையும் வரலாம்.

வீடு மாறப்போவது தெரிந்துவிட்டால் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே மொத்தமாக வாங்குவதை நிறுத்தி, இருப்பதைத் தீர்க்கத் தொடங்குங்கள். தீராமல் நிற்கும் திறக்காத டப்பாக்களைக் கூட்டில் இருப்பவர்களுக்கு வாங்கிய விலைக்கே கொடுத்துவிடலாம். திறந்த எண்ணெய் டின்னை மட்டும் லாரியில் ஏற்றாதீர்கள்.